பூந்தமல்லி நெடுஞ்சாலையும் ஒரு கேப்டனின் கேமராவும்

பூந்தமல்லி என்றதும் வைணவ மரபை அறிந்தோர்க்குத் திருக்கச்சி நம்பிகள் நினைவுக்கு வருவார். பூவிருந்தவல்லி என்பது ஊரின் பழம்பெயர். நந்தவனத்தில் பூப்பறித்துத் தொடுத்து, நடந்தே காஞ்சி சென்று வரதனுக்குச் சாத்தியவர் அவர் என்று மரபு சொல்கிறது. கம்பெனி ஆட்சிக் காலத்தில் அதே ஊரில் ஐரோப்பியப் படைவீரர்களின் தண்டு இருந்தது. பட்டணத்திலிருந்து மேற்கே புறப்பட்டு, பூந்தமல்லியையும் திருப்பெரும்புதூரையும் கடந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் சாலைக்கு, பட்டணத்து எல்லைக்குள் இந்த ஊரின் பெயரே நிலைத்தது. பலகைகளில் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை என்று எழுதியிருந்தாலும் பூந்தமல்லி நெடுஞ்சாலை என்ற பெயர் மக்கள் பேச்சிலிருந்து மறையவில்லை.

அந்தச் சாலையில்தான் சென்னையின் கலைப்பள்ளி, இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி, இருக்கிறது. கிழக்கு முனையில் கலைப்பள்ளி, வழியில் பூந்தமல்லித் தண்டு, மேற்கு முனையில் பெங்களூர்த் தண்டு. தமிழகத்தில் ஒளிப்படக்கலை வேர்கொண்ட வரலாற்றை எழுதப் புகுவோர் கலையையும் ராணுவத்தையும் இணைக்கும் இந்த வழியிலேதான் நடந்தாக வேண்டும். ஏனெனில் இங்கே கேமராவைத் தொடக்கத்தில் தூக்கிச் சுமந்தவர்களில் பலர் படம் எடுத்துப் பிழைத்தவர்கள் அல்லர். மருத்துவர்களும் படை அதிகாரிகளுமாக, வேறொரு வேலைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓய்வு நேரத்தில் படம் எடுத்தவர்கள். அவர்களை ஆங்கிலத்தில் அமெச்சூர் என்றார்கள். நம்மிடையே அச்சொல் அரைகுறை என்ற பொருளில் புழங்குகிறது. அதன் வேர் நேசம் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லில் இருக்கிறது. நேசத்தால் ஒன்றைச் செய்பவரே அமெச்சூர். அப்படிப்பட்ட ஒருவரின் ஆர்வம் நமக்கு எதைத் தந்தது, எதைத் தராமல் போயிற்று என்பதை இக்கட்டுரையில் பார்க்கலாம்.

*

1839-இல் பாரிஸில் டாகரேயின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கல்கத்தாவில் அந்த முறையில் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் டாகரே முறையில் வெள்ளித் தகட்டில் கிடைப்பது ஒரே ஒரு படம்தான். அதற்குப் பிரதி கிடையாது. இங்கிலாந்தில் டால்பட் 1841-இல் காப்புரிமை பெற்ற முறையில் காகிதத்தில் முதலில் எதிர்ப்படம் உருவாயிற்று. அதிலிருந்து எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓலைச்சுவடிக்கும் அச்சுப் புத்தகத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நினைத்துக்கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும்.

1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் ராணுவ மருத்துவர் சென்னையில் தன் சொந்தச் செலவில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். பிராட்வேயில் தொடங்கிய பள்ளி, ஓரிரு ஆண்டுகளில் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வந்தது. 1855-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஓவியம், மரச்செதுக்கு அச்சு, மட்பாண்டம் ஆகியவற்றோடு ஒளிப்படமும் அங்கே கற்பிக்கப்பட்டது. 1856-இல் சென்னை ஒளிப்படச் சங்கம் தோன்றியபோது ஹண்டர் அதில் முன்னின்றார். லண்டனில் இத்தகைய சங்கம் 1853-இல்தான் தோன்றியது. பம்பாயில் 1854-லும் கல்கத்தாவில் 1856-லும் தோன்றின. மூன்றே ஆண்டுகளில் கடல் கடந்து மூன்று ராஜதானிகளிலும் பரவிய ஆர்வம் இது.

மருத்துவர்களும் படை அதிகாரிகளும் ஏன் இதில் முந்திக்கொண்டார்கள் என்பதற்கு விடை எளிது. மருத்துவருக்கு ரசாயனம் தெரியும். அதிகாரிக்கு நிலத்தை அளக்கவும் கோட்டைகளை வரையவும் பயிற்சி உண்டு. இருவருக்கும் மாதச் சம்பளமும், பெட்டிகளைச் சுமக்க ஆட்களும், ஊர் ஊராகச் செல்லும் வாய்ப்பும் இருந்தன. பம்பாய்ப் பீரங்கிப் படையின் பிக்ஸ், மருத்துவர் பிகூ, சென்னைப் படைப்பிரிவொன்றின் மருத்துவரான நீல் ஆகியோர் கன்னட நாட்டுக் கோயில்களைப் படம் பிடித்தது இந்த வகையில்தான். அவர்களுள் ஒருவராகத் தொடங்கி அவர்களையெல்லாம் விஞ்சியவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப்.

*

டிரைப் 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தார். கப்பல்கட்டும் துறையை ஒட்டி வளர்ந்த ஊர் அது. பதினாறு பதினேழு வயதில் கம்பெனிப் படையில் சேர்ந்து, சென்னை ராணுவத்தின் 12-ஆம் நாட்டுக் காலாட்படையில் பணிக்கு வந்தார். பத்தாண்டுக்கும் மேலாக இங்கே பணியாற்றிய பின் 1850-இல் விடுப்பில் ஊர் திரும்பினார். நான்கு ஆண்டுகள் நீண்ட அந்த விடுப்பில்தான் கேமரா அவர் கைக்கு வந்தது.

1851-ஆம் ஆண்டு ஒளிப்பட வரலாற்றில் ஒரு திருப்பம். பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே மெழுகுக் காகித முறையை வெளியிட்டார். இங்கிலாந்தில் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடியில் கொலோடியன் பூசும் முறையை வெளியிட்டார். அதே ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் ஒளிப்படங்கள் ஆயிரக்கணக்கான மக்களின் கண்ணில் பட்டன. படித்த நடுத்தர வர்க்கத்தார் பலர் கேமராவும் ரசாயனக் குப்பிகளும் வாங்கி வீட்டிலேயே இருட்டறை அமைத்துக்கொண்ட காலம் அது. டிரைப்பும் அந்த அலையில் வந்தவர். 1853-இல் லண்டன் ஒளிப்படச் சங்கம் தோன்றிய ஆண்டிலேயே அதில் உறுப்பினரானார். நமக்குக் கிடைக்கும் அவருடைய முதற்காலப் படங்களில் டெவன்போர்ட் துறைமுகமும், துறையில் நிற்கும் கப்பல்களும், ஒரு போர்க்கப்பலின் மேல்தளமும் இருக்கின்றன. தொடக்கநிலையினர் பொதுவாக எடுக்கும் குடும்பப் படங்களையோ இயற்கைக் காட்சிகளையோ விட, மரமும் கயிறும் கல்லும் சேர்ந்து உருவாக்கும் கோடுகளே அவரை ஈர்த்தன. பின்னாளில் மதுரையின் தூண் வரிசையைப் பார்க்கப்போகும் கண் அங்கேயே பழகத் தொடங்கிவிட்டது என்று நாம் சொல்லலாம்.

அவர் கைக்கொண்டது லெ கிரேயின் மெழுகுக் காகித முறை. அதன் செயல்பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஒரு படத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பு விளங்காது. நல்ல காகிதத்தை உருகிய மெழுகில் தோய்த்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, மிகுதி மெழுகை எடுத்துவிட வேண்டும். பிறகு அதை அயோடைடு உப்புகள் கலந்த நீரில் ஊறவைக்க வேண்டும். அந்த நீருக்கு லெ கிரே சொன்ன அடிப்படைப் பொருள் அரிசி வேகவைத்து வடித்த கஞ்சித் தண்ணீர். உலர்ந்ததும் இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்தால் காகிதத்துக்கு ஒளியை உணரும் தன்மை வரும். கேமராவில் வைத்துப் பல நிமிடங்கள் ஒளி காட்ட வேண்டும். அதன்பின் காலிக் அமிலத்தில் சில மணி நேரம் கிடந்தால்தான் உருவம் மெல்ல எழும். இறுதியாக ஹைப்போவில் நிலைப்படுத்திக் கழுவி எடுத்தால் எதிர்ப்படம் தயார்.

கொலோடியன் முறையில் படம் இன்னும் துல்லியமாக வரும், நேரமும் குறைவு. ஆனால் கண்ணாடித் தகட்டின் ஈரம் காய்வதற்குள், சில நிமிடங்களில், மருந்திடுவதிலிருந்து கழுவுவது வரை எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். மெழுகுக் காகிதத்தையோ சில நாட்களுக்கு முன்பே தயாரித்து எடுத்துச் செல்லலாம். படம் எடுத்த பின் முகாமுக்குத் திரும்பி நிதானமாகக் கழுவலாம். மாட்டுவண்டிப் பயணத்துக்குக் கண்ணாடியைவிடக் காகிதமே ஏற்றது. ஆனால் நம் நாட்டு வெப்பம் மெழுகையும் மருந்தையும் சும்மா விடுவதில்லை. அளவுகளையும் நேரங்களையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, இந்தத் தட்பவெப்பத்துக்கு அந்த முறையைப் பழக்கியெடுத்ததில்தான் டிரைப்பின் திறமையில் பாதி இருக்கிறது.

*

1854-இல் அவர் பெங்களூர் திரும்பினார். அந்த ஆண்டு டிசம்பரில், யாரும் பணிக்காமலேயே, ஹளேபீடுக்கும் பேலூருக்கும் கேமராவோடு சென்றார். ஹொய்சளக் கோயில்களின் மிகத் தொடக்ககால ஒளிப்படங்கள் அப்படி உருவாயின. 1855 பிப்ரவரியில் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அப்படங்கள் வைக்கப்பட்டு முதல்தரப் பதக்கம் பெற்றன. உ.வே.சாமிநாதையர் பிறந்ததும் அதே 1855 பிப்ரவரியில்தான். ஒருவர் ஓலையிலிருந்து தமிழை மீட்கப் போகிறவர். மற்றவர் கல்லைக் காகிதத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தவர். இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் ஒரே நூற்றாண்டின் வேலை.

ஓய்வுநேர ஆர்வம் அரசின் கண்ணில் பட்டது. கட்டடங்களை வரைவதற்கு ஓவியர்களை அனுப்புவதைவிட ஒளிப்படம் எடுப்பது விரைவானது, துல்லியமானது என்று கம்பெனியின் இயக்குநர்களும் அப்போது கருதத் தொடங்கியிருந்தார்கள். 1855-இல் பர்மிய மன்னர் மிண்டோனிடம் ஆர்தர் ஃபேர் தலைமையில் ஒரு தூதுக்குழுவை டல்ஹௌசி அனுப்பியபோது, டிரைப்பும் அதிகாரபூர்வ ஒளிப்படக்காரராகச் சேர்க்கப்பட்டார். ஹென்றி யூல் செயலாளராகவும் கோல்ஸ்வொர்தி கிராண்ட் ஓவியராகவும் இருந்த குழு அது. ஐராவதி நதிவழியே அமரபுரம் வரை சென்று திரும்பிய அவர், 120 படங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 50 பிரதிகள் போட்டுத் தொகுப்புகளாக்கினார். ஆறாயிரம் அச்சுப்படங்கள்! எல்லாம் முட்டை வெண்கரு பூசிய தாளில், வெயிலில் வைத்து, ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தவை.

சென்னை அரசு 1856-இல் அவரை அரசாங்க ஒளிப்படக்காரராக நியமித்தது. கேப்டனின் பொழுதுபோக்கு இப்போது உத்தியோகம். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கிப் பயணம் தொடங்கினார். வடக்கே சிப்பாய்ப் புரட்சியின் தீ அணையாத மாதங்கள் அவை. இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு என்று சில மாதங்கள் நீண்ட அந்தப் பயணத்தின் படங்களே தமிழர்களாகிய நமக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து.

*

மதுரைப் படங்களை இன்று பார்க்கும்போது முதலில் நம்மைத் தாக்குவது, நமக்குத் தெரிந்த மதுரை அங்கே இல்லை என்பதே. திருமலை நாயக்கர் மகால் அப்படங்களில் இடிந்து சிதைந்து நிற்கிறது. நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில், 1866-க்குப் பின், அது பழுதுபார்க்கப்பட்டது. நாம் இன்று சீட்டு வாங்கிப் பார்க்கும் மகால் அந்தப் பழுதுபார்ப்புக்குப் பிந்தையது. அதற்கு முந்தைய நிலைக்கு டிரைப்பின் காகிதங்களே கண்கண்ட சாட்சி. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதில்களை இடித்து மதுரையை விரிவாக்கினார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட தூணை நாம் விளக்குத்தூண் என்கிறோம். அதுவும் டிரைப்பின் படங்களில் இருக்கிறது. முடிவுபெறாமல் நிற்கும் ராயகோபுரத்தின் பிரம்மாண்டமான கல்நிலைகள், வைகையின் குறுக்கே செல்லும் பாதை, தெப்பக்குளம் என்று அவர் கண் ஊர் முழுவதும் சென்றிருக்கிறது.

இவற்றுள் புதுமண்டபத்தின் பக்கவழியைக் காட்டும் படம் தனியே பேசப்பட வேண்டியது. இருபுறமும் சிற்பத் தூண்கள் அணிவகுக்க, நடுவே நீளும் பாதையில் ஒளி பட்டை பட்டையாக விழுகிறது. மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு. அந்தக் காலத்துக் காகிதத்தில் அதைப் பிடிக்க எத்தனை நிமிடம் கேமரா அசையாமல் நின்றிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். நிழலுக்குள் இருக்கும் கல்லின் செதுக்கலும் தெரிகிறது. வெயில் பட்ட கல்லும் வெளுத்துப்போகவில்லை. அரசு கேட்டது ஆவணம். அதைத் தாண்டி ஒளியின் மீது தனக்கிருந்த காதலையும் அந்த அமெச்சூர் அதில் வைத்துவிட்டார்.

அவர் கைவேலை வேறொன்றும் உண்டு. அன்றைய மருந்துகள் நீலத்தை மிகையாக உணர்ந்ததால் வானம் படத்தில் வெறும் வெண்மையாகவே வரும். டிரைப் எதிர்ப்படத்தின் மீது தூரிகையால் மேகங்களையும், சில இடங்களில் மரங்களின் இலைத்திரளையும் தீட்டிச் சேர்த்தார். ஒளிப்படம் பொய் சொல்லாது என்று நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். கட்டடத்தில் கைவைக்காத நேர்மையும் வானத்தில் கைவைத்த சுதந்திரமும் ஒரே ஆளிடம் இருந்தன.

*

தஞ்சைக்கு வருவோம். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் ஓடுகின்றன. தானும், தன் அக்கன் குந்தவையும், தேவியரும், பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச்சொன்ன மன்னனின் ஆணை அங்கேதான் இருக்கிறது. 1858-இல் டிரைப் இந்தக் கல்வெட்டின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார். ஒரே படத்தில் அடங்காத நீளம் அது. எனவே கேமராவை அடித்தளத்துக்கு இணையாகச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒரே தூரமும் ஒரே உயரமும் மாறாமல், 21 எதிர்ப்படங்கள் எடுத்தார். அவற்றின் அச்சுகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். ஓலைச்சுவடியை விரித்ததுபோல் கல்லின் வரிகள் அதில் இடமிருந்து வலமாக ஓடுகின்றன. தமிழ்க் கல்வெட்டுகளை ஒளிப்படத்தில் பதித்த முயற்சிகளுள் மிகத் தொடக்ககாலத்தது இது.

அந்த ஆண்டில் இக்கோயிலைக் கட்டியவன் யார் என்பதே தெளிவாக நிறுவப்படவில்லை என்பதை நினைவில் கொண்டால் இதன் பெருமை விளங்கும். தலபுராணம் கரிகாலன் மேல் ஏற்றிச் சொன்னது. கல்லில் பெயர் இருந்தும், படித்துச் சொல்ல ஆளில்லை. 1886-இல் சென்னை அரசின் கல்வெட்டறிஞராக வந்த ஹுல்ச் இவற்றை முறையாகப் படித்து, 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியில் வெளியிட்ட பின்னரே ராஜராஜன் மீண்டும் தன் கோயிலுக்கு உரியவனானான். தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரும் வீட்டு வரிசையும்கூட அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தன. டிரைப்பின் படங்களைக் கொண்டுதான் ஹுல்ச் படித்தார் என்று நாம் சொல்லவில்லை. அறிஞர் உலகம் அந்த வரிகளின் மதிப்பை உணர்வதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு வரி விடாமல் பார்க்கத் தகுந்தவை இவை என்று ஒரு கண் உணர்ந்திருக்கிறது. நமக்கு முக்கியம் அதுதான்.

1858-இலேயே சென்னை அருங்காட்சியகத்தில் கிடந்த அமராவதிச் சிற்பங்களையும் அவர் படம் எடுத்தார். வால்டர் எலியட் 1845-இல் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பியதால் எலியட் சலவைக்கற்கள் என்று பெயர் பெற்றவை அவை. அடுத்த ஆண்டு கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தன. இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாட்டை விட்டுப் போகுமுன் அவற்றுக்கு எடுக்கப்பட்ட வழியனுப்புப் படம் என்று டிரைப்பின் தொகுப்பைக் கொள்ளலாம்.

*

இத்தனை பாராட்டிய பிறகு, இப்படங்களில் இல்லாததைப் பற்றியும் பேசியாக வேண்டும். பெரும்பாலான படங்களில் மனிதர்கள் இல்லை. கோயில் வாசல்கள், கடைவீதியாகவே இயங்கிவந்த மண்டபங்கள், குளக்கரைகள் எல்லாம் ஆளரவமற்றுக் கிடக்கின்றன. நிமிடக்கணக்கில் ஒளி வாங்கும் காகிதத்தில் நடமாடுவோர் பதிவதில்லை என்பது ஒரு காரணம். கட்டடமே பொருள், மக்கள் இடையூறு என்ற பார்வை இன்னொரு காரணம். அழிந்துபோன ஒரு நாகரிகத்தின் எச்சம் இது, இதைக் காப்பவர்கள் நாம் என்று ஆள்வோர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதற்கு ஆளில்லாத கோயில்களின் படம் வசதியானது. உண்மையில் அந்தக் கோயில்களில் ஆறுகாலப் பூசையும் திருவிழாவும் தேரோட்டமும் நடந்துகொண்டுதான் இருந்தன. கேமராவின் மந்தமும் ஆட்சியின் பார்வையும் இந்த இடத்தில் ஒத்துப்போயின.

இன்னொரு மறைவும் உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலைக் கலைப்பள்ளியில் ஒளிப்படம் பயின்ற சி. ஐயாசாமி என்பவர் டிரைப்பின் உதவியாளராக இருந்தார். தொகுப்புகளின் முகப்பில் கேப்டனின் பெயர் மட்டுமே இருக்கிறது. கஞ்சித் தண்ணீர் வடித்தவர், மெழுகு தேய்த்தவர், முக்காலி சுமந்தவர், ஆயிரக்கணக்கான தாள்களை வெயிலில் திருப்பிப்போட்டவர் எல்லோரும் நம்மவர்களே. அவர்களுள் ஒருவருக்காவது பெயர் தெரிகிறது என்பது ஆறுதல். அந்தப் பெயர் கலைப்பள்ளியின் வழியாகவே நமக்கு வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. ஹண்டர் பள்ளி வைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கலை அதிகாரிகளின் கையோடு வந்து அவர்களோடே போயிருக்கும்.

*

1859-இல் சர் சார்லஸ் டிரெவெல்யன் சென்னையின் ஆளுநராக வந்தார். புரட்சியை அடக்கிய செலவில் கஜானா வற்றியிருந்த நேரம். சிக்கனத்தில் பெயர்பெற்ற அவருக்கு அரசாங்க ஒளிப்படக்காரர் என்ற பதவி அன்றைய நிதிநிலைக்குப் பொருந்தாத ஆடம்பரமாகத் தோன்றியது. வேலையை நிறுத்தச் சொன்னார். 1860-இல் எல்லாம் மூடப்பட்டன. இதே டிரெவெல்யன்தான் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி மக்கள் பூங்காவை உருவாக்கியவர். மூர் மார்க்கெட்டும் ரிப்பன் கட்டடமும் பின்னர் எழுந்தது அந்தப் பரப்பில்தான். பொதுமக்கள் காற்றுவாங்கப் பூங்கா தேவை என்று உணர்ந்தவருக்கு, பொதுமக்களின் கோயில்களைப் படமாக வைத்திருப்பது தேவை என்று தோன்றவில்லை. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பட்டினி முன்னால் நிற்கும்போது படம் எதற்கு என்ற கேள்வி எந்த அரசுக்கும் எழக்கூடியதே. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே அரசு அதே வேலைக்கு வேறொரு ஆளைத் தேடியது. 1867-68-இல் கேப்டன் லயன் என்பவரைக் கொண்டு தென்னாட்டுக் கோயில்களை மீண்டும் படம் எடுக்கச் செய்தது. கைவிட்டதன் விலை அப்போது தெரிந்திருக்கும்.

டிரைப் அதன்பின் ஏறக்குறைய கேமராவையே விட்டுவிட்டார். 1870 வாக்கில் பர்மாவில் எடுத்த சில படங்களோடு அவர் கலை முடிகிறது. ராணுவத்திலேயே தொடர்ந்து, கௌரவ மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்று, 1902-இல் பிறந்த ஊரிலேயே இறந்தார். அவர் பெயர் வெளியுலகில் பரவலாகப் பேசப்பட நூறாண்டுக்கும் மேல் ஆயிற்று. 2014-இல் வாஷிங்டனில் தொடங்கி, நியூயார்க், லண்டன் என்று மூன்று பெரும் அருங்காட்சியகங்களில் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதிகாரபூர்வமாக அவர் ஒளிப்படக்காரராக இருந்த காலம் நான்காண்டுகள்கூட இல்லை. விடுப்பில் வந்த ஆசை, உத்தியோகமாகி, உத்தியோகம் போனதும் ஆசையும் அவிந்துபோயிற்று. ஆர்வத்தை அரசு தத்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான கதை இல்லை.

கேமரா நம் கைக்கு வர இன்னும் காலம் பிடித்தது. 1888-இல் கோடாக் வந்து, மருந்தும் மெழுகும் இல்லாமல் யாரும் படம் எடுக்கலாம் என்ற நிலை உருவானது. கோட்டையூரில் பிறந்த ஏ.கே.செட்டியார் 1930-களில் ஒளிப்படம் கற்க டோக்கியோவுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் சென்றார். உலகெங்கும் அலைந்து திரட்டிய காட்சிகளைக் கொண்டு 1940-இல் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். டிரைப்பின் படங்களில் இல்லாத மனிதர்கள், கூட்டம் கூட்டமாக, நம்மவர் ஒருவர் தொகுத்த படத்தில் வந்து நின்றார்கள்.

இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது. ஆனாலும் திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சித் தேய்த்ததில் எழுத்து மழுங்கிய கல்வெட்டுகளையும், சுண்ணாம்புக்கும் பளபளக்கும் ஓட்டுக்கும் அடியில் புதைந்த தூண்களையும் ஊருக்கு ஊர் பார்க்கிறோம். போனபின் வருந்துகிறோமே தவிர, இருந்தபோது எடுத்த படம் பல இடங்களில் நம்மிடம் இல்லை. கோபுரத்தின் முன் நின்று நம்மை நாமே எடுத்துக்கொண்ட படங்களோ ஏராளம். நம்பிகள் நடந்த பூந்தமல்லியிலேயே வரதராஜப் பெருமாள் கோயிலும் வைத்தீசுவரன் கோயிலும் இருக்கின்றன. அடித்தளத்தை ஒட்டி அடி அடியாக நகர்ந்து, கல்லை வரிவரியாகப் பார்க்க அரசாணை எதுவும் தேவையில்லை. ஹளேபீடுக்குப் போன கேப்டனிடமும் அன்று அரசாணை இருக்கவில்லை. 1858-இன் தஞ்சை வெயிலில் இருபத்தொரு முறை முக்காலியை நகர்த்திய பொறுமையில் ஒரு பங்காவது நம்மிடம் இருந்தால், அடுத்த நூற்றாண்டு நம்மைக் கேட்கப்போகும் கேள்விகள் சிலவற்றுக்கு விடை மிஞ்சும்.